சேதுபதியின் கை நடுக்கம்

கோப்பி டம்ளர் சேதுபதியின் கையில் தாளம் போட்டது. ஒரு வாய் உள்ளே போனது. மூன்று வாய் வேட்டியில் விழுந்தது.

மனைவி சிவகாமசுந்தரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"என்னங்க, கை ஏன் இப்படி ஆடுது?"

"ஆபீஸ்ல எழுத்து வேலை ஜாஸ்தி."

"இந்தக் கையால எழுதினா அதை யாருங்க படிப்பாங்க?"

சேதுபதி வேட்டியைத் துடைப்பதில் மும்முரமானான். உண்மையைச் சொல்ல வழியில்லை. சிவகாமியின் அண்ணன் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் நான்கைப் பறிகொடுத்தவர். அந்த ஆத்திரத்தில் அவள், கல்யாணமான மறுவாரமே புருஷனை வீரமாகாளியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், 'மோட்டார் சைக்கிளைத் தொடமாட்டேன்' என்று சத்தியம் வாங்கியிருந்தாள். அம்மன் என்ன நினைத்தாளோ, அவனுக்குக் கிடைத்த வேலையே மோட்டார் சைக்கிள் ஓட்டுவதுதான். வீட்டில் 'கிளார்க்' என்று சொல்லிவைத்தான்.

அது 1963. சிங்கப்பூரின் ஜூரோங் பக்கம் குன்றுகளை வெட்டிச் சதுப்பு நிலத்தை நிரப்பிக்கொண்டிருந்த காலம். பூன் லேயில் நடந்த கட்டட வேலைக்கு, நகரத்து ஆபீசிலிருந்து தினமும் வரைபடங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்ந்த அன்று மேனேஜர் வழி எழுதிய தாள் ஒன்றைக் கையில் திணித்தார்.

"இந்த வழியில போ. பத்து மணிக்குள்ள போய்ச் சேரணும். மூணு மாசம் பார்ப்பேன். லேட்டானா வீட்டுக்குப் போயிடலாம்."

பாதியைத் தாண்டியதும் ரப்பர் தோட்டம். அதன் பிறகு செம்மண் மேடு, லாரிகள் உழுதுவிட்ட பள்ளம், ஓர் ஓடை, கடைசியில் செங்குத்தான சரிவு. இறங்கினால் கட்டட வேலையிடத்தின் பின்வாசல். வண்டி ஜல்லிக்கட்டுக் காளையாகத் துள்ளும். துள்ளத் துள்ள சேதுபதி ஹேண்டில்பாரை இறுக்குவான். இறுக்க இறுக்க முழங்கைக்குக் கீழே சதை கருங்கல்லாகிவிடும். பின்வாசல் காவல்காரர் ஒலி முகம்மதுதான் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பார். வரைபடத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்த வழியே திரும்புவான்.

மூன்று வாரம் தாங்கினான். பிறகு தேக்காவில் பரோட்டாக் கடை வைத்திருந்த நண்பன் யாக்கூப்பிடம் போய் நின்றான்.

யாக்கூப் அவன் கையை அமுக்கிப் பார்த்தான். "வலு பத்தாது சேது. வேலை முடிஞ்சதும் இங்க வந்து மாவு பிசை. பத்து நாள்ல கை இரும்பாயிடும்."

பத்து நாள் பிசைந்தான். யாக்கூப்புக்கு ஒரு சம்பள ஆள் மிச்சமானது. சேதுபதிக்கோ காலையில் பூன் லே, மாலையில் மாவு என்று கைக்கு ஓய்வே இல்லாமல், ரப்பர் தோட்டம் தாண்டுவதற்குள்ளேயே விரல் மரத்தது. போதாததற்கு, வீட்டுக்குப் போகத் தினமும் ஒரு மணி நேரம் தாமதம்.

"காதுல என்னங்க வெள்ளையா?"

"சாக்பீஸ் தூள்."

"கணக்கப்பிள்ளை ஆபீசா, பள்ளிக்கூடமா?"

"பிசையாதே, உருவிவிடு" என்று யாக்கூப் வைத்தியத்தை மாற்றினான். ஒரு சீசா தைலம் கொடுத்தான். தேய்த்தால் வலி கொஞ்சம் குறைந்தது. ஆனால் அதன் வாசனை, மூடி திறந்த பிராந்திப் புட்டியே பக்கத்தில் வந்து நிற்பதுபோல இருந்தது.

சிவகாமி மூக்கைச் சுருக்கினாள். "கை நடுக்கம். வீட்டுக்கு லேட்டு. இப்ப வாசனை வேற."

"அம்மன் மேல சத்தியமா நான் குடிக்கல, சிவகாமி!"

"அம்மனை விட்டுடுங்க. ஏற்கெனவே ஒரு சத்தியம் செஞ்சிருக்கீங்க, அதுவே போதும்."



சேதுபதி தைலத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை துணியை இறுக்கச் சுற்றிக்கொண்டு கிளம்பினான். அதுதான் எல்லாவற்றிலும் மோசம். ஓடையைத் தாண்டும்போது விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன. சரிவின் உச்சியில் பிடிமானம் அடியோடு போயிற்று. கை இருக்கிறது, ஆனால் அவனுடையதாக இல்லை. பயத்தில் பெட்ரோல் டாங்கியை இரண்டு முழங்காலாலும் கவ்விக்கொண்டு, மிதிகட்டையில் எழுந்து நின்றுவிட்டான். கை சும்மா ஹேண்டில்பார்மேல் கிடந்தது.

வண்டி அவனுக்குக் கீழே ஆடியது, அவன் ஆடவில்லை. கீழே வந்து நின்றான். துணியை அவிழ்த்துக் கையை உதறியதும், ஒலி முகம்மதின் உதவி இல்லாமலே விரல்கள் தாமாக விரிந்தன.

மறுநாள் துணியில்லாமல், வேண்டுமென்றே அப்படி ஓட்டிப் பார்த்தான். கையில் முட்டையைப் பிடிப்பதுபோல ஒரு பிடி; மிச்சம் எல்லாம் முழங்கால். ஒரே வாரத்தில் நடுக்கம் நின்றது. விளிம்புவரை ஊற்றிய கோப்பியை ஏந்திக்கொண்டு வீட்டை ஒரு சுற்று சுற்றிவந்தான்.

ஆனால் இப்போது தொடை பிடித்துக்கொண்டது. பஃபலோ ரோட்டில் காலை அகட்டி அகட்டி, நாலடிக்கு ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவனை, சிவகாமி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் திட்டியிருந்தாலாவது அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மூன்று மாதம் முடியும் நாள். சேதுபதி அன்று ஓட்டியதுபோல என்றைக்கும் ஓட்டியதில்லை. ஓடையைத் தாண்டி, சரிவில் வழுக்காமல் இறங்கி, ஒன்பதரைக்கெல்லாம் பின்வாசலில் வந்து நின்றான். தலை முதல் கால்வரை செம்மண். கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை.

காவல் கொட்டகை முக்காலியில் சிவகாமி உட்கார்ந்திருந்தாள். சேலையில் மடிப்புக் கலையவில்லை. தலையில் மல்லிகை வாடவில்லை.

"ஆபீசுக்குப் போனேன்" என்றாள். "எந்தக் கள்ளுக்கடைக்குப் போறீங்கன்னு கேட்க. மோட்டார் சைக்கிள்ல பூன் லே போயிருக்காருன்னு சொன்னாங்க."

சேதுபதி வண்டியைவிட்டு இறங்கினான். கால் அகட்டியபடியே நின்றான்.

"அப்ப குடிக்கலையா?"

"இல்ல."

"இந்தக் கை, இந்த நடை, எல்லாம் இந்த வண்டியாலதானா?"

"ஆமா."

சிவகாமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கலைங்க. போகட்டும், அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன். விழாம ஓட்டுனா சரி."

சேதுபதிக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மலைபோல வந்தது பனிபோலப் போயிற்றே! "நானா விழுறது? கையால பிடிக்கவே கூடாது, சிவகாமி. முழங்காலால பிடிக்கணும். அந்த வித்தை தெரியாத எவனும் இந்த இடத்துக்கு வந்து சேர முடியாது."

"நான் வந்துட்டேனே."

சேதுபதி அவள் சேலையைப் பார்த்தான். செருப்பைப் பார்த்தான். ஒரு பொட்டு மண் இல்லை.

"எப்படி வந்தே?"

"பஸ்ல. முன்வாசல்லயே இறக்கிவிட்டாங்க. இவர்தான் கூட்டிட்டு வந்து உட்கார வச்சாரு."

சேதுபதி மெதுவாக ஒலி முகம்மதின் பக்கம் திரும்பினான். "பாய்... முன்வாசலுக்கு ரோடு இருக்கா?"

"நல்ல தார் ரோடுண்ணே, போட்டு ரெண்டு மாசமாச்சு" என்றார் ஒலி முகம்மது. "நீங்க ஏதோ பந்தயத்துக்குப் பழகுறீங்கன்னுலா நாங்க எல்லாரும் நினைச்சுக்கிட்டு இருந்தோம்!"