அணித் தலைவரின் அப்பா

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டருக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை. காரணம் அவருடைய பன்னிரண்டு வயது மகன். சாரணர் படையில் ஆறு பையன்கள் சேர்ந்து அவனைத் தங்கள் அணித் தலைவனாகத் தேர்ந்தெடுத்துத் தொலைத்திருந்தார்கள். வீட்டில் தண்ணீர் வேண்டுமென்றால்கூட வாய் திறந்து கேட்காத பிள்ளை. சனிக்கிழமை முகாமில் கூடாரம் போடுவது, சமைப்பது எல்லாம் பையன்கள் பொறுப்பு. பெரியவர்கள் அவர்கள் சொல்கிற எடுபிடி வேலையை மட்டும் செய்யலாம். இவன் யாரை மேய்க்கப் போகிறான்? ஊர் சிரிக்கப் போகிறது என்று மாஸ்டர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஒரு மகத்தான முடிவுக்கு வந்தார். பெற்றோர் தொண்டராகத் தானே முகாமுக்குப் போவது. வெளியே தொண்டு, உள்ளே தலைமை. பையன் மானமும் பிழைக்கும்.

மனைவியிடம் பேச்சை எடுத்தார். அந்த அம்மாள் பல் மருத்துவரிடம் உதவியாளர். எதிரில் இருப்பவர் வாயை எப்போது திறக்க வைப்பது, எப்போது மூட வைப்பது என்பது அவருக்கு அத்துப்படி.

"வேண்டவே வேண்டாங்க. உங்களுக்கு முதுகு வலி வேற."

"எனக்கா? கல்லு மாதிரி இருக்கேன்."

"வெயில் தாங்க மாட்டீங்க. வேற அப்பா யாராவது வருவாங்க, விடுங்க."

வேறு அப்பாவா? மாஸ்டருக்குச் சுருக்கென்றது. தொண்டர் படிவம் எங்கே என்றார். அது பேனாவோடு தயாராக மேசைமேல் கிடந்தது. கண்ணாடியைப் பார், பின்னால் பார் என்று மாணவர்கள் உயிரை வாங்குகிறவர், இரண்டு பக்கப் படிவத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை. மைதானத்தில் கூடாரம் எழுந்தது, உடனே சரிந்தது. பையன்கள் ஆளுக்கொரு கயிற்றை ஆளுக்கொரு திசையில் இழுத்தார்கள். மாஸ்டரின் கால், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்தது. பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய், இடது பக்கம் விடு, மெதுவா, மெதுவா என்று ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் கயிற்றை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்தார்கள். கூடாரம் மறுபடியும் படுத்தது.

மகன் பக்கத்தில் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா, நீங்க சொன்னா எல்லாரும் உங்களையே பாப்பாங்க. அப்புறம் கயித்தை யார் பாக்கறது? எங்களுக்கு உருளைக்கிழங்கு தோல் சீவித் தாங்க."

தலைமை தாங்க வந்தவர் தோல் சீவ உட்கார்ந்தார். ஒரு கண் கிழங்கில், ஒரு கண் கூடாரத்தில். உனக்கு எந்த வேலை வரும் என்று மகன் ஒவ்வொருவனிடமும் கேட்டான். அதிகம் கத்தியவன் கையில் சுத்தியலைக் கொடுத்து முளை அடிக்கச் சொன்னான். மூன்றாம் தடவை கூடாரம் நின்றது. கொஞ்சம் கோணல்தான், ஆனால் நின்றது. மாஸ்டருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் பிள்ளையாக்கும் என்று பக்கத்தில் ஆள் இல்லாததால் கிழங்குக் கூடையிடம் சொல்லிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் தான் மட்டும் போகாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அளக்கத் தொடங்கினார். மனைவி பொறுமையாகக் கேட்டுவிட்டுப் படிவத்தின் நகலை எடுத்து நீட்டினார். இரண்டாம் பக்கம். அணிக்கு ஒரு பெற்றோர், ஒரு வருஷம், எல்லாச் சனிக்கிழமையும். கையெழுத்து இல்லையென்றால் அணிக்கு முகாமே கிடையாது. மற்ற ஆறு அப்பாக்களும் ஏற்கெனவே நழுவியிருந்தார்கள்.

"அப்ப ஏன் வேண்டாம் வேண்டாம்னு தடுத்தே?"

"போங்கன்னு சொல்லியிருந்தா நீங்களும் நழுவியிருப்பீங்க. தடுத்தாத்தானே பாய்வீங்க."

"அடிப்பாவி, உனக்கு எவ்வளவு மூளை."

"மூளை என்னுது இல்லீங்க. அணித் தலைவர் சொன்னார், நான் செஞ்சேன்."