அப்ரூவலானந்தரும் பூட்டிய போனும்

தி.நகர் ரங்கநாதன் தெருவில் ஜனங்கள் துணி வாங்கத்தான் நெரிகிறார்கள் என்று நினைப்பவர் விவரம் தெரியாதவர். பாதிக் கூட்டம் ஒரு மாடிப்படிக்காக நின்றது. வரிசை மாம்பலம் ஸ்டேஷன் வரை போய், இடம் போதாமல் ரயிலேறி, கோடம்பாக்கத்தில் இறங்கி நின்றது. நான் பென்ஷன்காரன், பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது?

மாடியில் வீற்றிருந்தவர் ஸ்ரீலஸ்ரீ அப்ரூவலானந்தர். செல்போனுக்கு ஆப், அதாவது செயலி, உருவாக்கியவர்கள் அதை ஆப் கடைக்கு அனுப்புவார்கள். கடைக்காரர்கள் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்வார்கள், அல்லது திருப்புவார்கள். முதல் ஆப் என்றால் பெரும்பாலும் திருப்புவார்கள். அந்தத் தலையெழுத்தை மாற்றுவதுதான் சுவாமிகளின் தொழில். போன் மேல் ஓர் எலுமிச்சம்பழம், ஐகானுக்கு ராசிப்படி நிறம், ராகு காலத்தில் அப்லோட் கூடாது.

அவருடைய மகா அற்புதம் ஆதம்பாக்கத்தில் நடந்தது. ஒருவருக்குப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துப் பதினாலு நாள் விரதம் சொன்னார். பன்னிரண்டு பேரும் தினம் குளித்துவிட்டு அந்த ஆப்பைத் திறந்து பார்க்க வேண்டும். பதினைந்தாம் நாள் கடை வழிவிட்டது. அன்றிலிருந்து கூட்டம்.

எனக்கு முன்னால் மயிலாப்பூர்க்காரர் ஒருவர், பட்டையும் பையுமாக நின்றார்.

"எங்காத்துப் பையன் பஞ்சாங்க ஆப் பண்ணிருக்கான். மூணு தடவை திருப்பிட்டா."

"நல்ல நேரம் பார்த்து அனுப்பினீங்களா?"

"அந்த ஆப்பையே பார்த்துதான் அனுப்பினோம்."

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். சிரிப்பை அடக்குவது இந்த வயதில் உடம்புக்கு ஆகாது.

என்னை அங்கே இழுத்துவந்தது நொச்சிக்குப்பத்தில் எனக்கு மீன் போடும் லூர்துமேரி. அவள் மகள் ஜான்சி இன்ஜினீயர். எந்தப் படகில் என்ன மீன் வந்திருக்கிறது என்று காட்டும் ஆப் ஒன்றைச் செய்திருந்தாள். வாடிக்கைக்காரர் வீட்டிலிருந்தே சொல்லிவைக்கலாம். கடை இரண்டு முறை திருப்பிவிட்டது. குப்பத்துப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஆப் வராவிட்டால், மொத்த வியாபாரியின் வேன் கேட்கிற விலைக்கு மீனைக் கொட்டிவிடுவார்கள். அன்று வியாழக்கிழமை.

வாசலில் ஒரு சங்கல்பப் படிவம் கொடுத்தார்கள். பெயர், நட்சத்திரம், ஈமெயில், பாஸ்வேர்டு. கீழே ஒரு கட்டளை: வேறு யாராவது கணக்கில் நுழைந்தால் நம் போனில் கேள்வி வருமே, அந்தப் பூட்டை எடுத்துவிட வேண்டும். பூட்டிய போனுக்குள் அருள் எப்படி நுழையும்?

படிவத்தோடு சுவாமிகள் காவித் திரைக்குப் பின்னால் போவார். பத்து நிமிடத்தில் வந்து, உன் ஆப்பில் இன்ன குறை என்று புட்டுப்புட்டு வைப்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஜான்சி படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு, போனில் பூட்டை எடுக்கப்போனாள். அம்மா கையைப் பிடித்தாள்.

"அத்த எடுக்காத."

"சுவாமி சொல்லிருக்காரும்மா."

"மீன வாங்கிக்கினு திரைக்குப் பின்னாடி போய் வெட்டியாறேன்னு நான் சொன்னா எவனாவது நம்புவானா? கண்ணு முன்னாடிதான வெட்டணும். இவரு உள்ள போய் இன்னா பண்றாரு?"

"கடவுள்கிட்ட பேசுறாரு."

"நானும் தெனம் மாதாகிட்ட பேசிக்கினு கீறேன். மாதா இதுவரிக்கும் பாஸ்வேர்டு கேக்கல."

சுவாமிகள் வந்தார். "பூட்டு எடுத்தாயிற்றா, குழந்தாய்?"

"ஆச்சு சாமி," என்றாள் லூர்துமேரி. மகள் வாயைத் திறப்பதற்குள் காலை மிதித்துவிட்டாள்.

போன் பித்தளைத் தட்டில் வைக்கப்பட்டது. மேலே பழம் உட்கார்ந்தது. சுவாமிகள் திரைக்குள் மறைந்தார். நூறு பேர் மூச்சைப் பிடித்தோம்.

போன் அதிர்ந்தது. பழம் உருண்டு, தட்டருகே உட்கார்ந்திருந்த மயிலாப்பூர்க்காரரின் மடியில் விழுந்தது. அவர் அதைப் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"படி," என்றாள் லூர்துமேரி. "சத்தமா படி."

ஜான்சி படித்தாள். "'தியாகராய நகரிலிருந்து ஒருவர் உங்கள் கணக்கில் நுழையப் பார்க்கிறார். அது நீங்கள்தானா?'"

"நீயா?"

"நான் இங்கதானம்மா நிக்கிறேன்."

"இல்லன்னு அமுக்கு."

அமுக்கினாள். திரைக்குப் பின்னால் ஓர் இருமல். போன் மறுபடி அதிர்ந்தது. மறுபடி 'இல்லை'. மறுபடி இருமல். மூன்றாம் முறை கூட்டமே சேர்ந்து "இல்லை" என்றது. உள்ளிருந்து தெய்வ வாக்கு பச்சை மெட்ராஸ் பாஷையில் கிளம்பியது.

"எவ அது? பூட்டு இன்னும் கீதே."

லூர்துமேரி திரையை ஒரே இழுப்பில் இழுத்தாள். உள்ளே சாமி படம்கூட இல்லை. ஒரு மடிக்கணினி, ஒரு டேபிள் ஃபேன், பாதி கடித்த சமோசா.

மயிலாப்பூர்க்காரர் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "இவன் மேற்கு மாம்பலத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருந்த நந்தகுமார்னா."

"இன்னா நைனா, கடவுளு இந்தப் பொட்டிக்குள்ளயா குந்தினுகீறாரு?" என்றாள் லூர்துமேரி.

நந்தகுமாருக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபம் என்றே எனக்குப் பட்டது. "ஏன் திருப்புனோம்னு கடைக்காரனே லெட்டர் போடுறான். உங்க ஈமெயிலுக்குத்தான் போடுறான். நீங்க யாரும் படிக்கிறதில்ல. நான் படிச்சு சொன்னேன். இது ஒரு தப்பா?"

லூர்துமேரி மகள் பக்கம் திரும்பினாள். "லெட்டர் வந்துச்சா?"

ஜான்சி தலையைக் குனிந்தாள். "'வருந்துகிறோம்'னு முதல் வரி பார்த்தேன். அழுதுட்டு மூடிட்டேன்."

"ரெண்டாவது வரிய இப்ப படி."

படித்தாள். உள்ளே நுழைய ஓடிபி கேட்கிறீர்கள், அது உங்கள் ஊர் எண்ணுக்கு மட்டும் போகிறது, எங்களால் நுழைந்து பார்க்க முடியவில்லை, சோதிக்க ஒரு பெயரும் பாஸ்வேர்டும் தாருங்கள். அவ்வளவுதான். சனியும் இல்லை, செவ்வாயும் இல்லை.

மயிலாப்பூர்க்காரரும் பதறிப்போய்த் தன் மகனுக்கு வந்த கடிதத்தைத் திறந்தார். புதிதாகச் சேருகிறவர்கள் பன்னிரண்டு பேரை வைத்துப் பதினாலு நாள் தொடர்ந்து சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கடையின் சட்டமே அதில் இருந்தது. குளிக்கச் சொல்லி மட்டும் எழுதவில்லை. அது சுவாமிகளின் சொந்தச் சரக்கு.

அதன் பிறகு அந்த மாடியில் பிரமாதமான அமைதி. நூறு பேரும் குனிந்து அவரவர் கடிதத்தைப் படித்தார்கள். நூலகத்தில்கூட அப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை. படித்து முடித்தவர்கள் முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினார்கள். இரண்டாவது வேலையாக நந்தகுமாரைத் தேடினார்கள். அவர் பின்படி வழியாக முக்தியடைந்திருந்தார், சமோசாவோடு.

ஜான்சி அங்கேயே படியில் உட்கார்ந்து கடைக்கு நாலு வரி பதில் எழுதினாள். வியாழக்கிழமை, சரியான ராகு காலம். சனிக்கிழமை மாலை 'ஏற்றுக்கொண்டோம்' என்று வந்தது. ஞாயிறு காலை வேன்காரன் வந்து ஹாரன் அடித்துப் பார்த்தான். ஒருத்தியும் திரும்பவில்லை. எல்லாரும் போனில் வந்த பெயர்களுக்கு வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வடபழனியில் இப்போது ஒருவர் கிரெடிட் கார்டு தோஷம் கழிக்கிறாராம், நல்ல கூட்டமாம். போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன்: உங்கள் தலைக்குள் ஏற்கெனவே ஓர் ஆப் ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் திறக்க எந்தக் கடையின் அனுமதியும் வேண்டாம், எந்த ராசியும் பார்க்க வேண்டாம். ஒரே ஒருமுறை திறந்துதான் பாருங்களேன்.