அடுத்த எண் தெரிந்தவர்

மனிதர்களில் 'அடுத்த எண் தெரிந்தவர்' என்று ஒரு ரகம் உண்டு. மூன்று எண்களைக் காட்டினால் போதும், நான்காவதைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விடுவார். மூன்று நாள் பஸ் தாமதமாக வந்தால், நாலாம் நாள் எப்போது வரும் என்று கணக்குப் போட்டு, அதன்படி வீட்டைவிட்டு ஆற அமரக் கிளம்பி, பஸ்ஸைத் தவறவிட்டு, "இந்த டிரைவருக்கு ஒரு ஒழுங்கே இல்ல" என்பார். தன் கணக்கைக் குறை சொல்வாரா? மாட்டார்.

என் அக்கா வீட்டுக்காரர் இந்த ரகத்தில் முதல் தரம். கல்லூரியில் கணித வரலாறு நடத்துகிறார். பழங்கால வானியலார் கோள்களைச் சில நாள் மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு, எண்ணுக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், பிறகு அந்த வித்தியாசங்களுக்குள் வித்தியாசம் என்று எடுத்து, பார்க்காத நாள்களையும் அட்டவணையில் நிரப்பிய கதையைத் தொடங்கினாரென்றால் மணி அடித்தாலும் விடமாட்டார். நல்ல கதைதான். ஆனால் கோள்கள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போவதில்லை.

அக்கா போனாள். சமாதானம் பேச நான் அவர் வீட்டுக்குப் போனேன். மனிதர் முகத்தில் கவலையே இல்லை.

"முதல் தடவ ரெண்டு நாள்ல திரும்பி வந்தா. அடுத்து அஞ்சு, அப்புறம் பத்து. வித்தியாசம் மூணு, அஞ்சு. ரெண்டு ரெண்டா கூடுது. அப்ப அடுத்தது ஏழு. பதினேழாம் நாள் தானா வந்துடுவா, மாப்ள."

"மூணு தடவையும் நீங்கதான மாமா வந்து கூட்டிட்டுப் போனீங்க?"

"அது அட்டவணையில வராது."

தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா நிதானமாகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எதுக்கு அலையுற? போன தடவ பத்தாம் நாள் வந்தாரு. இந்தத் தடவ பதினேழு. பேசாம இரு."

கூடவே குடித்தனம் நடத்தியதில் அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. பதினேழாம் நாள் அவர் அங்கே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், இவள் இங்கே வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். இருட்டியதும் இருவரும் அவரவர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்கு வந்திருக்கும். வரட்டும். சிரித்து முடித்ததும் ஒன்று சொல்லுங்கள்: பேச்சு விட்டுப்போன அந்த ஒருவர், போன தடவையும் தானாகவே பேசினார், இந்தத் தடவையும் பேசுவார் என்று நீங்கள் எத்தனை நாளாகப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?