இரண்டு மதிப்பெண் குறைந்த தெரு

எங்கள் தெருவில் அறுபத்து நான்கு வீடுகள், ஒரே ஒரு கடை. சாக்கடைக்கு இருக்கவேண்டிய மூடிகள் நூற்றுப் பன்னிரண்டு, இருப்பவை எழுபத்தொன்று. மீதி நாற்பத்தொரு இடத்தில் பலகை, பழைய கதவு, ஓரிடத்தில் பல்பசை விளம்பரத் தட்டி. இந்தக் கணக்கு நகராட்சியிடம் கிடையாது. இரண்டு முறை நடந்து நான் எண்ணியது.

இப்படி இருக்கையில், 'நலிந்த தெருக்களுக்குப் புத்துயிரூட்டும், மக்கள் பங்கேற்புடன் கூடிய ஒருங்கிணைந்த திட்டம்' என்ற ஒன்றை நகராட்சி அறிவித்தது. திட்ட அதிகாரி படிவத்தோடு வந்து ஒரு முற்பகல் முழுக்கத் தெருவை அளந்தார். நாங்கள் பின்னாலேயே நடந்தோம். கடைசியில் கூட்டிப் பார்த்தவரின் முகம் வாடிவிட்டது.

"முப்பத்தெட்டு. நாற்பது வந்தாத்தான் நலிந்த தெரு. நீங்க இன்னும் சரியா நலியல."

"சார், சாக்கடைத் தண்ணி அடுப்படி வரைக்கும் வருது," என்றார் எங்கள் சங்கத் தலைவி. ஓய்வுபெற்ற நர்ஸ், நர்சம்மா என்றுதான் தெருவே கூப்பிடும்.

"அதுக்குப் பதினஞ்சு முழுசாப் போட்டாச்சும்மா. இருட்டுக்குப் பதிமூணு. குழிக்குப் பத்து. இதுக்கு மேல உங்களுக்கு நான் என்ன செய்ய? பூட்டின கடைங்கிற தலைப்புலதான் நீங்க ஒண்ணுமே வாங்கல. இருக்கிறது ஒரு கடை, அதுவும் திறந்து கிடக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி தேடிக்கொண்டிருந்தார். பதினேழு வருடமாக அங்கேதான் தேடுகிறார். கடைக்குப் பின்னாலேயே வீடு. அறுபத்து நான்கில் அதுவும் ஒன்று.

"நான் எதுவும் சொல்லல," என்றார் அதிகாரி. "இது மக்கள் பங்கேற்புத் திட்டம். மக்கள் பங்கேற்றா நல்லது."

பங்கேற்றோம்.

"தம்பி, ஒரே ஒரு நாள் கடையைச் சாத்தி வையேன்," என்றார் நர்சம்மா.

"அதுக்கென்னக்கா, மழை வந்தா என் கடையிலதான் முதல்ல கணுக்கால் தண்ணி," என்று அவர் அப்போதே கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரு நாள் பூட்டினா கால் மதிப்பெண்," என்றார் அதிகாரி. "ஒரு வருஷம்னா ஒண்ணு. பத்து வருஷமாப் பூட்டிக் கிடந்தா ரெண்டு."

"திறந்திருக்கிறதை இப்பத்தானே கண்ணால பார்த்தீங்க?"

"நான் பார்க்கிறதுக்குப் படிவத்துல கட்டம் இல்லம்மா. நீங்க எழுதிக் குடுக்கிறதுக்குத்தான் இருக்கு."

எழுதிக் கொடுத்தோம். 'மேற்படி கடை கடந்த பத்தாண்டுகளாகப் பூட்டிய நிலையில் உள்ளது என்றும், அதன் உரிமையாளர் தெருவை விட்டே வெளியேறிவிட்டார் என்றும் இதனால் உறுதி கூறுகிறோம்.' வீட்டுக்கு ஒன்றாக அறுபத்து நான்கு கையெழுத்து. முதல் கையெழுத்து பஞ்சர்காரருடையது. பேனாவும் அவர் கொடுத்ததுதான். வெளியேறிவிட்டவர் எப்படி வந்து கையெழுத்துப் போட்டார் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கும் படிவத்தில் கட்டம் இல்லை.

மறுநாள் கடைப் பூட்டுக்கு அரக்கு வைத்து முத்திரை போட்டார்கள்.

"ஒரு நாள்தானே சொன்னீங்க?" என்றார் பஞ்சர்காரர்.

"திட்டம் முடியுற வரைக்கும் தொடக்கூடாது. இப்பத் திறந்தீங்கன்னா தெரு பிழைச்சுக்கும். தெரு பிழைச்சுக்கிட்டா திட்டம் போயிடும்."

அவர் சந்தையில் மூட்டை தூக்கப் போனார். எங்கள் தெருவில் சைக்கிள் நாற்பத்தாறு. முதல் மாதம் ஒன்பது காற்றிறங்கி நின்றன. மூன்றாம் மாதம் முப்பது. ஐந்தாம் மாதம் எல்லாமே. இடைக்கால ஆய்வுக்கு வந்த அதிகாரி அவற்றைப் பார்த்து மகிழ்ந்தார்.

"இதுக்குன்னு தலைப்பு இல்ல. ஆனாலும் பார்க்க நிறைவா இருக்கு."

பஞ்சர்காரர் மனைவி வாசலில் நின்று கேட்டார்: "சார், பத்து வருஷமா இல்லாத ஆளுக்கு நான் தினமும் சோறு கட்டிக் குடுத்துட்டிருக்கேன். அதுக்கு ஏதாவது மதிப்பெண் உண்டா?"

அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார்.

குறை சொல்லக் கூடாது, வேலை நடந்தது. நூற்றுப் பன்னிரண்டு மூடிகளும் வந்தன, எண்ணிவிட்டேன். விளக்குகள் பதினெட்டு. அத்தோடு நிற்கவில்லை. அந்த வருடம் எல்லா ஊரிலும் சைக்கிள்தான் நாகரிகம் என்பதால், எங்களை 'மிதிவண்டி நேயத் தெரு' ஆக்கினார்கள். ஓரத்தில் பச்சைக் கோடு. சுவரில், சைக்கிளில் போகும்போது எதற்கோ சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். சைக்கிள் சக்கரத்தை வளைத்துச் செய்த இருக்கைகள் பன்னிரண்டு. உட்கார முடிந்தது ஒன்றுகூட இல்லை. மக்கள் எடுத்து ஓட்டப் புத்தம்புது சைக்கிள் எட்டு. பதினோரு நாளில் எட்டும் பஞ்சர்.

உடனே, பூட்டிய கடையை 'மிதிவண்டி நல்வாழ்வு மையம்' என்று திறக்க முடிவாயிற்று. விண்ணப்பிப்பவர் இதே தெருவில் குடியிருக்க வேண்டும், பத்து வருட அனுபவம் வேண்டும். பஞ்சர்காரர் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஓடினார். துணைக்கு நானும் போனேன்.

"அனுபவம் எந்தக் கடையில?" என்றார் அதிகாரி.

"இதே கடையில சார். பதினேழு வருஷம்."

"இது பத்து வருஷமாப் பூட்டிக் கிடந்த கடையாச்சே."

"சார், என்னைத் தெரியலையா? நான்தான் சார் அந்தக் கடைக்காரன்."

"அவர் தெருவை விட்டே போயிட்டார். அறுபத்து நாலு பேர் சொல்றாங்க. இதோ, முதல் கையெழுத்து உங்களுது. நீங்க இங்க இல்லன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. உங்களை நம்பாம நான் வேற யாரை நம்புறது?"

பஞ்சர்காரர் தன் கையெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வழியே இல்லையா சார்?"

"ஏன் இல்ல? முன்னே எழுதினது பொய்னு தெரு கூடித் தீர்மானம் போட்டுக் குடுக்கட்டும். அன்னிக்கே சாவி தர்றேன்."

"அவ்வளவுதானா!"

"அவ்வளவுதான். தெரு முப்பத்தெட்டுக்கு இறங்கிடும். மூடியையும் விளக்கையும் கழட்டிட்டுப் போக ஆள் வருவாங்க. அது வேற பிரிவு, என் கையில இல்ல."

அன்று மாலையே கூட்டம். அதிகாரி பார்வையாளராக வந்திருந்தார். புது விளக்கு வெளிச்சத்தில் எல்லோர் முகமும் நன்றாகத் தெரிந்தது.

"காத்தடிக்க ஒரு நாளும் அவன் காசு வாங்கினதில்ல," என்றார் மூலைவீட்டு மாமா.

"என் பிள்ளை சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டதே அவராலதான்," என்றார் எதிர்வீட்டு டீச்சர்.

"கூடப் பிறந்தவன் மாதிரி," என்று நர்சம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மொத்தம் பதினான்கு பேர் பேசினார்கள். பஞ்சர்காரருக்கு வெட்கமாகிவிட்டது. என் வாழ்நாளில் உயிரோடு இருக்கும் ஒருவரைப் பற்றி இவ்வளவு நல்ல பேச்சைக் கேட்டதில்லை.

"சரி, உண்மையை எழுதிக் குடுக்கலாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றார் நர்சம்மா. எண்ணும் பொறுப்பு வழக்கம்போல எனக்கு.

ஒரு கை. பஞ்சர்காரருடையது. அவர் சுற்றிலும் பார்த்தார். பார்த்த பிறகும் கையை இறக்கவில்லை.

அதிகாரி தொண்டையைச் செருமினார். "அவர் இந்தத் தெருக்காரர் இல்ல. அதை எண்ணக்கூடாது."

எண்ணவில்லை. 'ஆதரவு: இல்லை. தீர்மானம் ஏகமனதாகக் கைவிடப்பட்டது' என்று எழுதினேன். எழுத்து தெளிவாகவே வந்தது.

கூட்டம் கலைந்தபோது பஞ்சர்காரர் என்னிடம் வந்தார். கோபமாகக் கேட்கவில்லை, கணக்குக் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

"அண்ணே, உங்க கை?"

"ஒரு கையில நோட்டு இருந்துதுப்பா," என்றேன். "ஒரு கையில பேனா."

அவர் என் கைகளைப் பார்த்தார். நான் சொன்னது சரிதான். இரண்டுக்கு மேல் எனக்குக் கிடையாது.