மாமிக்குத் தொண்டை கட்டிய அன்று

இதை வாசித்து முடிக்கும்போது சிரிப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இப்போதைக்குச் சிரிக்க வேண்டாம். முதலில் அற்றோனித் தத்துவம் பற்றிக் கொஞ்சம் படிக்கப் போகிறோம்.

கொட்டாவி வருகிறதா? எனக்கும் வந்தது.

வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் ஊரில் இருக்கிற ஒருவருக்கு, "எனக்குப் பதிலா நீ கையெழுத்துப் போடு" என்று எழுதிக் கொடுக்கிற அதிகாரம்தான் அது. ஒரேயொரு காணிக்கு மட்டும் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் சேர்த்து முழுசாகவும் கொடுக்கலாம். முழுசாகக் கொடுத்த சிலர் ஊருக்குத் திரும்பி வந்து, தங்கள் காணியில் வேறு யாரோ மதில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

பாடம் முடிந்தது. எழும்புங்கள்.

என் மாமி புளியந்தீவில் சட்டத்தரணி. முன்பெல்லாம் அவருடைய ஒபிசுக்கு வெளியே போட்ட வாங்குப் பலகையில் இருக்க இடம் கிடைக்காது. இப்போது அதில் ஒரு பூனை படுத்திருக்கிறது. வந்தவர்களில் பாதிப்பேர் இப்போது கட்டாரில் வேலை. மீதிப்பேர் பக்கத்துத் தெருவுக்குப் புதிதாக வந்த இளம் சட்டத்தரணியிடம். அவர் வட்ஸ்அப்பில் பதில் போடுவாராம். பூப்படம் வைத்து!

"இனி நாமளும் ஒன்லைன்தான்" என்று மாமி அறிவித்தார். "அவங்க வாங்குக்கு வராட்டி, நாம அவங்கட போனுக்குள்ள போய் இருப்பம். விளங்குதா?"

மாமி எதைச் சொன்னாலும் "விளங்குதா?" என்றுதான் முடிப்பார். நீதவானிடமும் அப்படித்தான் என்று கேள்வி.

எனக்குத் தந்த வேலை சின்னது. சனிக்கிழமை போய் லெப்டொப்பில் வீடியோ கோல் எடுத்துக் கொடுத்துவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான்.

போனேன். மாமி வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது.

முந்தின நாள் கோட்டில் வழக்குப் பேசிக் கத்திய கத்தலும் சளித் தடிமனும் சேர்ந்து தொண்டையை அடைத்துவிட்டன.

"நாளைக்கு வைப்பமே மாமி?"

"ஏலாது" என்றது காற்று. "கட்டாரில இருக்கிற நவாஸ் நானா நாளைக் காலையில எம்பசிக்குப் போறார். மச்சானுக்கு முழு அதிகாரமும் எழுதிக் குடுக்கப் போறாராம். இண்டைக்கு மறிக்காட்டி காத்தான்குடியில அந்த மனுசன் உழைச்சு வாங்கினதெல்லாம் மச்சான்ட கையில."

பெயரை மாற்றியிருக்கிறேன். மச்சான்மார் யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

"அப்ப மெசேஜ் போடுங்களன்."

"முதல் ஒன்லைன் ஆள். மெசேஜ் போட்டா, பக்கத்துத் தெருவுக்கே போயிருக்கலாமே எண்டு நினைக்க மாட்டாரா?"

பிறகு மாமி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"டேய். நீ என்னை மாதிரிக் கதைக்கிறியாமே?"

செத்தேன்!

நான் கதைக்காத குரல் இந்த ஊரில் இல்லை. டியூசன் சேர், கல்முனை பஸ் கொண்டக்டர், கோயில் ஸ்பீக்கரில் தொலைந்த செருப்பை அறிவிக்கிற அண்ணன், எல்லாரும் என் தொண்டைக்குள்தான் குடியிருக்கிறார்கள். அதில் மாமிதான் என் பெருமை. அது மாமிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"மேசைக்குக் கீழ போ."

"மாமி!"

"ஒரு உதை எண்டா ஓம். ரெண்டு எண்டா இல்ல. மூண்டு எண்டா வாயை மூடு. ஒரு காணிக்கு மட்டும் எழுதுங்க எண்டு சொல்லு. வேற ஒண்டும் கதைக்காத."

போனேன். கீழே கடிக்கிற நுளம்பு, தூசி, மாமியின் கால். மேலே மாமி வாயை மட்டும் அசைப்பார். கோல் விழுந்து நவாஸ் நானாவின் குரல் வந்தது.

"வணக்கம் மெடம்! எப்பிடிச் சொகம்?"

"நல்ல சுகம் நானா. விளங்குதா?"

மூன்று உதை.

அந்தப் பக்கம் நவாஸ் நானாவின் அறையில் ஒரு கூட்டமே கேட்டுக்கொண்டிருப்பது சத்தத்திலேயே தெரிந்தது. "நல்லாக் கேக்குதுடா, நம்மட ஊரு மெடம்" என்று யாரோ சொன்னார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது.

"நானா, முழு அதிகாரம் குடுக்காதீங்க. ஒரு காணிக்கு மட்டும்..." என்று தொடங்கினேன். நடுவில் என் பதினாறு வயதுக் குரல் உடைந்து கடா ஆடு மாதிரிக் கத்தியது.

"என்ன மெடம், தொண்ட சரியில்லையா?"

ஒரு உதை.

"ஓம் நானா, தடிமன்." அதுவரை நான் சொன்னதில் அதுதான் சுத்தமான உண்மை.

நவாஸ் நானா பெருமூச்சு விட்டார். "மெடம், நீங்க சொல்றது சரிதான். ஆனா கொறச்சுக் குடுத்தா மச்சான் கோவிச்சுருவான். பொஞ்சாதியும் மூஞ்சிய நீட்டிக்கிட்டு இரிப்பா. நான் முழுசாவே குடுத்துடுறன்."

நான் உதைக்குக் காத்திருந்தேன். வரவில்லை. போகிறதே, அந்த மனுசனின் சொத்து போகிறதே!

"நானா!" என்றேன், கோட்டுக் குரலில். "மச்சான் ஒருக்கா மோட்டர் சைக்கிளைக் கேட்டா, அதிட திறப்பைக் குடுப்பீங்களா? இல்லாட்டி வீட்டுத் திறப்பு, கடைத் திறப்பு, அலுமாரித் திறப்பெல்லாம் சேத்து ஒரு கொத்தாக் குடுப்பீங்களா? மோட்டர் சைக்கிள் திறப்பு மட்டும் தந்ததுக்கு எந்த மச்சான் கோவிக்கிறான்? விளங்குதா?"

அறையே வெடித்துச் சிரித்தது. "சரியாத்தானே கேக்குறா மனுசி! குடுக்காத நவாஸ்!" என்று ஒரு குரல்.

உதை வரவில்லை. வென்றுவிட்டேன்! அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்துகிற ஆளா? மச்சான் குணம், மதில் கட்டுகிற ஆட்கள், வாங்கில் படுக்கிற பூனை என்று மாமியின் குரலில் பிரசங்கமே வைத்தேன்.

"மெடம்..." என்று நவாஸ் நானா மெல்ல இழுத்தார். "தண்ணி குடிச்சிக்கிட்டே எப்பிடிக் கதைக்கிறீங்க?"

பாதி வசனத்தில் நின்றேன். மேலே கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்டது. பதறி எழும்பியதில் என் மண்டை மேசையில் இடிக்க, லெப்டொப் துள்ளியது.



பிறகு நவாஸ் நானா சொன்னார்: "சரி மெடம், ஒரு காணிக்கு மட்டும்தான் சைன் வெக்கிறன். மேசைக்குக் கீழ இரிக்கிற மெடத்துக்கும் என்ட ஸலாத்தச் சொல்லிருங்க."