கெடுப்பதற்காகச் சுட்ட பிஸ்கட்

கெட்டுப்போன பிஸ்கட் சுட வேண்டும் என்று தராசு முடிவெடுத்தபோது, பேருந்தில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டிருந்தார். பெரிய முடிவுகள் எல்லாம் அவருக்கு நிற்கும்போதுதான் வரும். வீட்டில் உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்தால் மனைவி ஏதாவது வேலை சொல்லிவிடுவாள்.

தராசு என்பது தெரு வைத்த பெயர். கடை கடையாகப் போய் எடைக்கருவிகளைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளர் அவர். அளவு கொஞ்சம் குறைந்தாலும் அவர் பார்க்கிற பார்வையில் கடைக்காரருக்கே எடை குறைந்துவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர், தெரிந்தே ஒரு பண்டத்தைக் கெடுக்கத் துணிந்தார் என்றால் வீட்டு நிலைமை அப்படி.

நிலைமை இதுதான். அவருடைய அம்மா சுடும் வெண்ணெய் பிஸ்கட் சொந்தத்தில் பேர்பெற்றது. வாயில் வைத்தால் பல்லுக்கு வேலையில்லை. கடைசிச் சில வருடங்களில் அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, மருமகள்தான் பிசைந்தாள், மருமகள்தான் சுட்டாள். தராசு தின்றுவிட்டு, "அம்மா கை அம்மா கைதான்!" என்று பாராட்டுவார். பாராட்டு எப்போதும் நாற்காலிக்கே போகும்.

அம்மா போன அன்று துக்கம் கேட்க வந்தவர்களிடம், "அந்தக் கையோட எல்லாம் போச்சு. இனி இந்த வீட்ல அந்த பிஸ்கட் கிடையாது" என்று சொல்லி அழுதார். அழுதது நிஜம். ஆனால் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது மழைக்காலத்தில்தான் ஆபத்து.

அன்றிலிருந்து ஓவனுக்குள் பழைய வாணலிகள் குடியேறின. எப்போதாவது தராசு ஜாடையாகக் கேட்டால் ஒரே பதில்தான்.

"அதான் போச்சுன்னு சொல்லிட்டீங்களே."

இப்போது வெளிநாட்டிலிருந்து அக்கா வருகிறாள். அம்மா போன பிறகு வருவது இதுதான் முதல் தடவை. போனில் அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. "அந்த பிஸ்கட் ரெண்டு வாய்ல போட்டாப் போதும்டா. அம்மாவைப் பார்த்த மாதிரி இருக்கும்" என்றாள். தராசு உடனே, "தயாரா இருக்கும் அக்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

மனைவியிடம் போய், அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்று சொல்லியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். அது ஒன்றைத் தவிர உலகத்தில் வேறு எதையும் செய்ய அவர் தயாராக இருந்தார். அதனால்தான் இந்தத் திட்டம். தானே பிஸ்கட் சுடுவது. கண்கொண்டு பார்க்க முடியாதபடி கெடுப்பது. வெண்ணெய் வீணாவதைப் பார்த்துக்கொண்டு எந்த இல்லத்தரசி சும்மா இருப்பாள்? "நகருங்க அந்தப் பக்கம்!" என்று கரண்டியைப் பிடுங்கிவிட மாட்டாளா?

அவர் கணக்கில் விட்டது ஒன்று. அவர் மனைவி வேலை பார்ப்பது டிரைவிங் ஸ்கூலில். கார் ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைத் தொடாமல், குரலை உயர்த்தாமல், காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மட்டும் நம்பிப் பிழைப்பவள். எதிரே லாரி வந்தால்கூடப் பிடுங்க மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தராசு ஓவனிலிருந்து வாணலிகளைக் காலிசெய்தார். மனைவி ஒரு நாற்காலியைச் சமையலறைக்குள் இழுத்துப் போட்டு, செய்தித்தாளுடன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னங்க நடக்குது?"

"பிஸ்கட் சுடப்போறேன். அம்மா பிஸ்கட்."

"நல்லது."

"உனக்கு ஆட்சேபணை இல்லையே?"

"எனக்கென்ன? உங்க அம்மா, உங்க பிஸ்கட்."

மைதாவை அளக்கும்போதே முதல் சிக்கல் வந்தது. இரண்டு பங்கு வேண்டிய இடத்தில் மூன்று பங்கு போட்டுக் கெடுப்பதாகத்தான் உத்தேசம். ஆனால் தராசில் தட்டை வைத்ததும் கை மறுத்துவிட்டது. தப்பான எடையை நிறுத்து அவருக்குப் பழக்கமே இல்லை. சமையலறைத் தராசைச் சோதனைக் கல் வைத்துச் சரிபார்த்து, துடைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சரியாகவே நிறுத்தார். போகட்டும், அளவில் நேர்மை, செய்கையில் அயோக்கியத்தனம் என்று தேற்றிக்கொண்டு வெண்ணெயை அடுப்பில் வைத்து நன்றாக உருக்கினார்.

மனைவியின் வலது கால் மட்டும் தரையை ஒருமுறை அழுத்தியது. கண் செய்தித்தாளிலேயே இருந்தது.

ஓவனிலிருந்து வெளியே வந்தவை பிஸ்கட்டுகள் அல்ல, ஒரே ஒரு பிஸ்கட். தட்டு முழுவதும் ஓடி ஒன்றோடொன்று கைகோத்து, ஆறியதும் ஓடு மாதிரி இறுகிவிட்டது. தராசு உள்ளுக்குள் மகிழ்ந்து, வெளியே பெருமூச்சு விட்டார்.

"பாத்தியா, எப்படி ஆயிடுச்சு!"

"பரவாயில்லைங்க. முதல் தடவை யாருக்குத்தான் வந்திருக்கு?" என்று பக்கத்தைப் புரட்டினாள். "அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

ஒரு துண்டை உடைத்து எதிர்வீட்டுப் பல் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் கடித்துப் பார்த்து, கண்ணை மூடி, கன்னத்தைத் தடவினார்.

"சார், இதை நிறுத்திடாதீங்க."

"அவ்வளவு நல்லா இருக்கா?"

"தெருவுக்கே கொடுங்க. எனக்கும் கிளினிக்ல கூட்டம் கம்மியா இருக்கு."

அடுத்த வாரமும் அதே நாற்காலி, அதே செய்தித்தாள். தராசு வெண்ணெயை அடுப்புக்கு எடுத்துப் போகும்போது, மனைவி செய்தித்தாளிடம் பேசுவதுபோல் பேசினாள்.

"உருக்கினா ஓடத்தான் செய்யும். ஓடட்டும், உங்க இஷ்டம்."

தப்பு இன்னது என்று அவள் வாய்விட்டுச் சொன்ன பிறகு, அந்தத் தப்பைத் தெரிந்து செய்ய அவரால் முடியவில்லை. சோதனையில் பிடிபட்ட கடைக்காரன் மாதிரி வெண்ணெயைத் திரும்ப மேடையிலேயே வைத்து, தானாக இளகும்வரை காத்திருந்தார். மைதாவை அப்படியே கொட்டப் போனார்.

"அத்தை லேசா வறுத்து ஆறவெச்சுத்தான் போடுவாங்க. அது அவங்க ஆசை. உங்களுக்கு எதுக்கு அந்த வம்பு?"

வறுத்தார். எலுமிச்சைத் தோலை வெள்ளைப் பகுதி வரை துருவப் போனபோது அவள் கால் தரையை அழுத்தியது. அவர் கை நின்றது.

"என்ன, கால் மரத்துப்போச்சா?"

"ஆமா. பழக்கம்."

இந்த முறை பிஸ்கட்டுகள் தனித்தனியாக வந்தன. ஆனால் கல். ஓவனுக்குள்ளேயே விறைப்பாகட்டும் என்று விட்டிருந்தார். "விறைப்பு வெளிய வந்துதான் வரும். நடுவுல மெத்துனு இருக்கும்போதே எடுத்துடணும். உங்களுக்குத் தெரியாததா?" என்றாள் அவள். தெரியாதது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. ஆகவே தெரிந்துகொண்டார்.

அக்கா வருவதற்கு முந்தைய ஞாயிறு. இன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. இனி ஒரே வழி, கருக்கிவிடுவது. புகை சூழ்ந்தால் எப்பேர்ப்பட்டவளும் ஓடிவந்துதானே ஆக வேண்டும்? மாவைப் பிசைந்து, ஓய்வு கொடுத்து, முள்கரண்டியால் குத்தி, தட்டை உள்ளே தள்ளினார். மனைவி எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"கிளாஸ் இருக்கு. ஒரு அம்மா முதல் தடவையா மெயின் ரோட்டுக்கு வர்றாங்க."

"இதை யார் பாத்துக்கறது?"

"நீங்கதான். கருகினா கருகட்டும்."

கதவு சாத்தப்பட்டது. பார்க்க ஆள் இல்லாத இடத்தில் கருக்கி என்ன பயன்? தராசு ஓவன் முன்னால் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் வாசனை வந்தது. வறுத்த மாவும் வெண்ணெயும் சேர்ந்து, பின்னாலேயே எலுமிச்சை. பள்ளிக்கூடம் விட்டு வந்து செருப்பைக் கழற்றும்போது மூக்கில் ஏறிய அதே வாசனை. அம்மா செத்த அன்றைக்கு அழுததற்குப் பிறகு அவர் அழவே இல்லை. இப்போது அழுதார். அழுதுகொண்டே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விளிம்பு பொன்னிறமானதும், நடுவில் இன்னும் மெத்தென்று இருக்கும்போதே, துணியைச் சுருட்டிப் பிடித்துத் தட்டை வெளியே இழுத்துவிட்டார். கருக்கும் யோசனை அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை.

ஆறியதும் ஒன்றை வாயில் வைத்தார். பல்லுக்கு வேலையில்லை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்பார்கள். இவர் குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாரோடு உட்கார்ந்திருந்தார்.

மாலையில் மனைவி வந்து ஒன்றை எடுத்துத் தின்றாள். ரொம்ப நேரம் மென்றாள். மீதியை டப்பாவில் அடுக்கி இறுக்கி மூடினாள்.

அக்கா வந்தாள். பெட்டியைக்கூட இறக்காமல் டப்பாவைத்தான் தேடினாள். ஒன்றைக் கடித்ததும் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர்.

"அம்மாவேதான்! நீ சுட்டியாம்மா?"

"இல்ல அண்ணி. உங்க தம்பிதான்."

"இவனா? சுடுதண்ணி வெச்சாலே அடிப்பிடிக்குமே இவனுக்கு!"

"நம்புங்க அண்ணி. நான் கரண்டியைக்கூடத் தொடல. பக்கத்துல உக்காந்திருந்தேன், அவ்வளவுதான்."

தராசு மனைவியைப் பார்த்தார். நாற்காலி, செய்தித்தாள், மரத்துப்போன கால் எல்லாம் அப்போதுதான் அவருக்கு வரிசையாகப் புரிந்தன.

"நான் கெடுக்கத்தான் ஆரம்பிச்சேன்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் நாளே. சொந்தமா சுடணும்னு ஆசைப்படறவர் ஒரு வார்த்தை சந்தேகம் கேப்பார். நீங்க என் மூஞ்சியையேதான் பாத்துட்டிருந்தீங்க."

"அப்புறம் ஏன் கரண்டியை வாங்கி நீயே செய்யல?"

"செஞ்சிருந்தா மறுபடியும் அத்தை கைன்னுதானே சொல்லியிருப்பீங்க?"

அக்கா மெல்லுவதை நிறுத்திவிட்டாள். வெகுநாளாகத் தராசின் தொண்டையிலேயே நின்றிருந்த அந்த வாக்கியம், வேறு வழியில்லாமல் வெளியே வந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. அந்தக் கை போகல. இத்தனை வருஷமா நான் தின்னது உன் கையாலதான். அக்கா, நீயும் கேட்டுக்கோ."

மனைவி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அவர் தோளைத் தொட்டாள். இந்தக் கல்யாண வாழ்க்கையில் இப்படி ஒரு நிமிடம் அடிக்கடி வருவதில்லை என்பதால், தராசு அதை நிறுத்துப் பார்க்காமல் அப்படியே வாங்கிக்கொண்டார். இனிமேல் பிஸ்கட் கவலை இல்லை, அவள் பார்த்துக்கொள்வாள் என்று மனம் லேசானது.

"அடுத்த மாசம் என் தங்கச்சி வர்றா" என்றாள் மனைவி, இன்னும் ஈரமாக இருந்த குரலில். "அவளுக்கு எங்க அம்மா சுடற இஞ்சி பிஸ்கட்தான் உயிரு. அது இதைவிடக் கஷ்டம். நாளைக்கே ஆரம்பிச்சாத்தான் அதுக்குள்ள உங்களுக்குக் கைக்கு வரும்."