செகண்டு பாய்க்கு என் நாக்கு

அன்று காலை பதினொன்றரை மணிக்கு நான் செத்துக்கொண்டிருப்பதாக மனதார நம்பினேன். கடைசியாக என்ன சொல்லிவிட்டுப் போகலாம் என்றுகூட யோசித்துவிட்டேன்.

பாளையம்பட்டியில் செகண்டு பாயைப் போலக் காபியைப் பாடாய்ப் படுத்தியவர் எவரும் கிடையாது. ஷார்ஜா ஓட்டலில் இருபது வருடம் காபி போட்டவர், எஸ்பிரஸ்ஸோ மெஷினோடு ஊர் திரும்பினார். செல்போனில் செகண்டு எண்ணாமல் பல்கூடத் துலக்க மாட்டார். பெயர் அப்படி வந்ததுதான்.

அன்று தன் வீட்டில், தாண்டிக்குடிக் காபிக்கொட்டையோடு வேறொரு ஊர்க் கொட்டையைப் புதிதாகக் கலந்திருந்தார். அதற்கேற்ற அரைப்பு பிடிபட வேண்டும். அரைக்கும் மெஷினின் திருகை ஒரு நூல் அளவு திருப்புவார். இருமல் மருந்து மூடி இரண்டு அளவுக்குக் கறுப்பாக, கெட்டியாகக் காபி இறக்குவார்; அது இறங்கி முடிய எத்தனை செகண்டு என்று எண்ணுவார். சர்க்கரை கிடையாது. அல்சர் என்பதால் அவர் தொடக்கூடாது. ஆகவே நாக்கு என்னுடையது.

“பதினெட்டு செகண்டுல ஓடிருச்சு. எப்படி இருக்கு மாப்ள?”

“புளிக்குது மாமா.”

திருகினார். “இப்ப?”

“வேப்பங்கொழுந்து.”

“அப்ப ரெண்டுக்கும் நடுவுல இருக்கு. குடி.”

“மிச்சத்தக் கீழ ஊத்திருவோமே?”

“ஏலே, காபியக் கீழ ஊத்துவியா? நீயெல்லாம் வெளங்குவியா?”

ஏழாவது அமிர்தம். “இதான் மாமா!” என்று கத்தினேன்.

“தற்செயலா வந்திருக்கும். இன்னும் நாலு பாப்போம்.”

நாலும் பார்த்தோம். என் நெஞ்சு ரைஸ் மில்லாக ஓடத் தொடங்கியது. சட்டை நனைந்துவிட்டது.

“மாமா, நான் போறேன். பீரோ சாவி அரிசிப் பானைல இருக்குன்னு எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிருங்க.”

“அத ஒளிச்சு வச்சதே அவதானே. பேசாம படு!” என்றவர் வாசலைத் தாண்டி ஓடினார். ஆட்டோவோடு வந்தார்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் நெஞ்சில் வயர்களை ஒட்டிய நர்ஸ், “காலைல என்ன சாப்பிட்டீங்க?” என்றார். கதவோரம் நின்ற பாய் முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

“பதினோரு காபி சிஸ்டர். அதுல ஏழாவது மட்டும் இருபத்தேழு செகண்டு. அதான் சரியா வந்துச்சு.”

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஈசிஜி காகிதத்தைப் பார்த்த டாக்டர் சொன்னார்: “நாலு இட்லி தின்னுட்டு வீட்டுக்குப் போங்க.”

எனக்கு வந்தது மாரடைப்பு இல்லை. வெறும் வயிற்றில் பதினோரு காபி, அவ்வளவுதான். வெளியே வந்தபோதுதான் பார்த்தேன்: அந்த வெயிலில் மெயின் ரோடு வரை ஓடி ஆட்டோ பிடித்த பாய், காலில் செருப்பே போட்டிருக்கவில்லை.